எத்தனை போர் விமானம் வேண்டும்? திருகோணமலை விவாத அணிகளுக்கு ஒரு விரிவான பதில்

திருகோணமலையில் உயர்தரம் படிக்கும் மாணவர்கள் சிலர் தங்கள் விவாதப் போட்டிக்காகக் கேட்ட கேள்வி இது: "இலங்கை விமானப்படை நவீன போர் விமானங்களை வாங்க வேண்டும் என்பது தலைப்பு. ஒரு அணி 24 வேண்டும் என்கிறது. மற்ற அணி 12 போதும் என்கிறது. ஐயா, ஒரு நாடு இந்த எண்ணிக்கையை எதை வைத்து முடிவு செய்கிறது? நமக்கு எத்தனை பொருந்தும்?"

தம்பிமாரே, தங்கைமாரே, என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைய நிலையில் இலங்கைக்குப் பொருந்தும் எண் பூச்சியம். வாங்கியே ஆக வேண்டும் என்று ஒரு நாள் முடிவானால், பன்னிரண்டுக்குக் குறைவாக வாங்குவதில் பயனில்லை. இடையில் உள்ள எந்த எண்ணும், நம் விமானப்படையிடம் உள்ள, இப்போது திருத்தப்படும் ஐந்து இஸ்ரேலியக் கிபிர் போர் விமானங்கள் உட்பட, காசைக் கரைக்குமே ஒழிய வேலையை முடிக்காது. வளைகுடா நாடொன்றில் பயணிகள் விமானங்களின் பராமரிப்புக் கூடத்தில் பல வருடங்கள் வேலை செய்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். பயணிகள் விமானமே அவ்வளவு கவனிப்பைக் கேட்கும். போர் விமானம் பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அதைவிடப் பல மடங்கு உழைப்பைத் தரையில் கேட்கும்.

முதலில் பன்னிரண்டு என்ற எண்ணைப் பிரித்துப் பார்ப்போம். பத்துப் பலநாள் படகு வைத்திருக்கும் சம்மாட்டி ஒருவரிடம் போய், இன்றைக்கு எத்தனை படகு கடலில் நிற்கிறது என்று கேளுங்கள். ஆறு என்பார், ஏழு என்பார். பத்தும் கடலில் நிற்கும் நாள் அரிது. ஒன்று கரையேற்றிப் பழுது பார்க்கப்படும், ஒன்றுக்கு இயந்திரக் கோளாறு, ஒன்றுக்கு ஆள் கிடைக்கவில்லை. போர் விமானப் படையணியின் கணக்கும் இதே கணக்குத்தான், இன்னும் கடுமையானது. பன்னிரண்டில் இரண்டு எப்போதும் பெரும் பராமரிப்பில் பிரித்துப் போடப்பட்டிருக்கும். இன்னும் இரண்டு மூன்று ஏதாவது ஓர் உதிரிப்பாகத்துக்காகக் காத்து நிற்கும். மிஞ்சிய ஏழு எட்டில் நாலைந்து விமானிகளின் அன்றாடப் பயிற்சிக்குப் போய்விடும். பயிற்சியை நிறுத்த முடியாது, நிறுத்தினால் ஆறு மாதத்தில் விமானி விமானியாக இருக்க மாட்டார். ஆக, ஆயுதம் பூட்டி, எரிபொருள் நிரப்பி, மணி அடித்தால் பதினைந்து நிமிடத்தில் எழும்பக்கூடியதாக நிற்பவை இரண்டு அல்லது மூன்று. பன்னிரண்டு வாங்கும் நாடு உண்மையில் வாங்குவது அந்த இரண்டு மூன்றைத்தான். இருபத்துநான்கு என்றால் நான்கு முதல் ஆறு.

அந்த இரண்டையும் இரவு பகலாக, வருடம் 365 நாளும் தயாராக நிறுத்த ஆள் வேண்டும். முறை மாற்றி நிற்கப் பத்துப் பன்னிரண்டு விமானிகள், அவர்களைவிடப் பல மடங்கு தொழில்நுட்பவியலாளர்கள், ஆயுதம் பூட்டுபவர்கள், ரேடார் திரைக்கு முன் இருப்பவர்கள். இங்கேதான் பணக்கார நாடுகளும் சறுக்கியிருக்கின்றன. 2014 பெப்ரவரி 17 அன்று எதியோப்பிய விமானம் ஒன்றை அதன் துணை விமானியே கடத்திச் சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் இறக்கினார். அது விடிவதற்கு முன் நடந்தது. சுவிட்சர்லாந்திடம் அப்போது முப்பதுக்கும் மேற்பட்ட ஹோர்னெட் போர் விமானங்கள் இருந்தன, ஒன்றுகூட எழும்பவில்லை. அவர்களின் வான்காவல் அலுவலக நேரத்தில் மட்டுமே நடந்துகொண்டிருந்தது. கடத்தப்பட்ட விமானத்துக்குத் துணையாக வந்தவை இத்தாலிய, பிரெஞ்சு விமானங்கள். சுவிட்சர்லாந்து 24 மணி நேரக் காவலை எட்டியது 2020-இன் முடிவில்தான். முப்பது விமானத்தை வைத்துக்கொண்டு இரண்டை இரவில் நிறுத்துவதற்கு, அவ்வளவு வசதியுள்ள நாட்டுக்கே இத்தனை காலம் பிடித்தது. விவாத மேடையில் இந்த ஒரு சம்பவத்தை இரு அணியும் மறக்கக்கூடாது.

"நவீன" என்ற சொல்லைத் தலைப்பில் வைத்திருக்கிறீர்கள். விமானம் நவீனமாக ஆக, வாங்கிய எண்ணிக்கைக்கும் பறக்கும் எண்ணிக்கைக்கும் உள்ள இடைவெளி குறையும் என்று பலர் எண்ணுகிறார்கள். நடந்தது வேறு. அமெரிக்கக் காங்கிரஸின் கணக்காய்வு அலுவலகம் 2023-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அந்நாட்டின் எஃப்-35 விமானங்களில் ஏதாவது ஒரு பணிக்கேனும் தயாராக இருந்தவை அந்த வருடம் மார்ச்சில் ஏறக்குறைய 55 சதவீதம். அதே அலுவலகத்தின் 2024-ஆம் ஆண்டுக் கணக்கில், எஃப்-35 திட்டத்தில் விமானங்களை உருவாக்கி வாங்கும் செலவு சுமார் 442 பில்லியன் டொலர். அவற்றை ஆயுள் முழுவதும் இயக்கிப் பராமரிக்கும் செலவு சுமார் 1,580 பில்லியன். வாங்கும் விலை ஒன்று என்றால் வைத்திருக்கும் விலை மூன்றரை. செய்தித்தாளில் வருவது முதலாவது மட்டும்.

குறைத்து வாங்கினால் மிச்சமாகும் என்பதும் பாதி உண்மைதான். எஃப்-22 விமானத்தை 750 வாங்குவதாகத்தான் அமெரிக்கா தொடங்கியது. விலை ஏற ஏற எண்ணிக்கையைக் குறைத்தார்கள். குறைக்கக் குறைக்க, ஆய்வுக்கும் தொழிற்சாலைக்கும் போட்ட காசு குறைந்த எண்ணிக்கைமீது ஏறி ஒவ்வொன்றின் விலையும் மேலும் ஏறியது. கடைசியில் படையில் சேர்ந்தவை 187. சிறிய நாட்டுக்கு ஒஸ்திரியா நல்ல உதாரணம். 24 யூரோஃபைட்டர் வாங்குவதாக இருந்தார்கள். 2002-இல் பெருவெள்ளம் வந்தது, நிவாரணச் செலவைக் காட்டி 18 ஆக்கினார்கள். 2007-இல் அரசு மாறியபின் 15 ஆக்கினார்கள், கருவிகளிலும் சிலவற்றைக் குறைத்தார்கள். அதற்குப் பிறகு வருடக்கணக்காக ஒஸ்திரியாவில் நடந்த வாக்குவாதமெல்லாம், இந்தப் பதினைந்தை வைத்து என்ன செய்ய முடியும் என்பதுதான். வெள்ளம் வந்தபோது அவர்கள் எண்ணிக்கையைக் குறைத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். வேலையைக் குறைக்காமல் எண்ணிக்கையை மட்டும் குறைத்தது தவறு.

எண் எங்கிருந்து பிறக்க வேண்டும் என்பதற்குக் கனடாவைப் பாருங்கள். 2010-இல் அவர்கள் 65 எஃப்-35 போதும் என்றார்கள். 2023-இல் உடன்பட்டது 88. இடையில் நாடு பெரிதாகிவிடவில்லை. வட அமெரிக்க வான்பாதுகாப்புக்கு ஒப்புக்கொண்ட கடமையையும் நேட்டோவுக்கு ஒப்புக்கொண்ட கடமையையும் ஒரே நேரத்தில் நிறைவேற்ற வேண்டும் என்று அரசு தன் கொள்கையை மாற்றி எழுதியது. கொள்கையில் ஒரு வரி மாறியதும் எண்ணும் ஏறியது. இந்தியாவின் 42 படையணி என்ற அனுமதிக்கப்பட்ட அளவும், பாகிஸ்தான், சீனா என்று இரு முனைகளில் ஒரே வேளையில் மோதல் வரலாம் என்ற கணக்கோடு சேர்த்தே பேசப்படுகிறது. (2025 செப்டெம்பரில் மிக்-21 விடைபெற்றபின் அவர்களிடம் எஞ்சியவை 29 படையணி.) அந்தக் கணக்கு சரியா என்று சண்டை பிடிக்கலாம், ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. அதே இந்தியா 2007-இல் 126 விமானங்களுக்கு விலை கேட்கத் தொடங்கி, 2012-இல் ரஃபேலைத் தெரிந்து, விலையிலும் நிபந்தனைகளிலும் இழுபட்டு, 2016-இல் 36-க்குக் கையெழுத்திட்டது. அந்த 36-இல் கடைசி விமானம் வந்து சேர்ந்தது 2022 டிசெம்பரில். கேட்ட நாளிலிருந்து பதினைந்து வருடம். இன்று நீங்கள் மேடையில் கேட்கும் விமானத்தை ஓட்டப்போகிறவர் இன்று ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையாக இருக்கலாம்.

சரி, நம் வேலை என்ன? இந்தக் கேள்விக்குப் பதில் தேட நம் ஊரைவிட நல்ல இடம் இல்லை. இங்கே மூன்று தடவை வானம் பரீட்சை வைத்திருக்கிறது.

1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ரத்மலானையில் பிரித்தானியரின் ஹரிக்கேன் விமானங்கள் தரையில் நிற்கும்போதே எதிரி தலைக்கு மேல் வந்துவிட்டான். குண்டு விழ விழத்தான் அவை எழும்பின. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9 காலையில், நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் திருகோணமலைக்கு வந்தன. இங்கே ரேடார் அவற்றை வெகுதூரத்திலேயே கண்டுவிட்டது. சீனக்குடா விமானத் தளத்தில் நின்ற பதினாறு பதினேழு ஹரிக்கேன்கள் முன்கூட்டியே வானில் ஏறி நின்றன. எண்ணிக்கையில் தோற்றார்கள், ஏறக்குறைய பாதி விமானங்களை இழந்தார்கள், துறைமுகமும் அடிபட்டது. ஆனாலும் எழும்பி நின்று எதிர்க்கும் நேரம் அவர்களுக்குக் கிடைத்தது. அந்த நேரத்தைக் கொடுத்தது ஒரு ரேடார்.

அன்றைய நாளின் மற்றச் செய்தி இன்னும் துயரமானது. தாக்குதல் வரும் என்று அறிந்து முதல்நாள் மாலையே ஹேர்ம்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலைத் திருகோணமலையிலிருந்து வெளியே அனுப்பினார்கள். அதன் விமானங்கள் சீனக்குடாவில் தரையில் இருந்தன. விமானந்தாங்கியில் ஒரு விமானம்கூட இல்லை. மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் ஜப்பானியர் அதைக் கண்டுபிடித்து மூழ்கடித்தார்கள். உதவி கேட்டு அனுப்பிய செய்திக்குப் போர் விமானங்கள் உரிய வேளையில் வந்து சேரவில்லை. முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விமானம் இருந்தது, கப்பல் இருந்தது, ஆளும் இருந்தார்கள். அவற்றைச் சேர்த்து இயக்கும் ஒழுங்குதான் இல்லை.

மூன்றாவது, நம்மில் பலர் நேரில் கண்டது. 2008 ஒகஸ்ட் 26 இரவு புலிகளின் இலகு விமானம் திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் மீது குண்டு போட்டுவிட்டுத் திரும்பிப் போனது. விமானப்படையிடம் கிபிர் இருந்தது, மிக் இருந்தது, சீன எஃப்-7 இருந்தது. ஒற்றை இயந்திரத்துடன் தாழப் பறக்கும் ஒரு சிறு விமானத்தை இருட்டில் கண்டு பிடித்து மறிப்பதற்கு ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானம் பெரிதாக உதவவில்லை. 2007 மார்ச்சில் கட்டுநாயக்காவில் நடந்த முதல் வான்தாக்குதலுக்குப் பிறகு அரசு ரேடார்களை வாங்க ஓடியதன் காரணமும் இதுதான்.

இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் நம் வானுக்கு முதலில் தேவை கண். பிறகு அந்தக் கண் கண்டதை உடனே உரியவருக்குச் சொல்லும் ஒழுங்கு. விமானம் அதற்கடுத்த இடத்தில்தான் வருகிறது.

24 அணி இங்கே 1987-ஐ எடுத்து வரும், வரவும் வேண்டும். அந்த வருடம் ஜூன் 4 அன்று இந்தியாவின் போக்குவரத்து விமானங்கள் மிராஜ் 2000 போர் விமானங்கள் துணைவர யாழ்ப்பாணத்தின் மீது நிவாரணப் பொருட்களைப் போட்டன. கொழும்பால் ஒன்றும் செய்ய முடியவில்லை. யாழ்ப்பாணத்து மக்கள் அந்தப் பொதிகளை எப்படிப் பார்த்தார்கள் என்பது வேறு கதை, அதை நான் இங்கே விவாதிக்கவில்லை. இராணுவக் கணக்காக மட்டும் பார்ப்போம். அன்று இலங்கையிடம் 24 நவீன விமானங்கள் இருந்திருந்தால்? தயாராக நிற்பவை ஆறு. எதிரே இருந்தது நூற்றுக்கணக்கான போர் விமானங்களைக் கொண்ட அயல்நாடு. அந்த ஆறை எழுப்பும் கட்டளையை எந்த அரசும் கொடுத்திருக்காது, கொடுத்திருக்கவும் கூடாது. இந்தியாவோடு எண்ணிக்கையில் போட்டி போடும் எந்த வாதமும் அந்த இடத்தில் முடிந்துவிடுகிறது.

இப்போது கிபிருக்கு வருகிறேன். இதைக் கணக்காக மட்டும் எழுத என்னால் முடியாது. 2006 ஏப்ரல் கடைசியில் சம்பூர், மூதூர் கிழக்குப் பகுதிகள்மீது கிபிர் வந்தபோது சனங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். சம்பூர் மக்களில் பலர் சொந்தக் காணிக்குத் திரும்பக் கிட்டத்தட்டப் பத்து வருடம் எடுத்தது. வடக்கிலும் கிழக்கிலும் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் விமானத்தின் பெயரை முதலில் அறிந்தது அந்த இரைச்சலைக் கேட்டுத்தான். இலங்கையின் தாக்குதல் விமானங்கள் தங்கள் குண்டுகளைப் போட்டது இந்த நாட்டின் மண்ணில். ஆகவே "எத்தனை வாங்கலாம்" என்று கேட்கும் எவரும், எந்தச் சட்டத்தின் கீழ், யாருடைய அனுமதியோடு, எங்கே பயன்படுத்தப்படும் என்பதற்கும் பதில் எழுதி வர வேண்டும். இது தமிழ் மாணவர்கள் எழுப்பினால் உணர்ச்சிவசப்பட்ட பேச்சு என்று யாராவது சொல்லக்கூடும். சொல்லட்டும். ஆயுதம் வாங்குவதற்குப் பாராளுமன்றத்திடம் காசு கேட்கும் எந்த நாட்டிலும் கேட்கப்பட வேண்டிய கேள்வி இது. சுவிட்சர்லாந்து 2020 செப்டெம்பரில் விமானம் வாங்க 6 பில்லியன் பிராங்க் செலவிடலாமா என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தியது. 50.1 சதவீதத்தால் தப்பியது. இங்கே 2006-இல் உக்ரேனிலிருந்து நான்கு மிக்-27 வாங்கியதில் காசு எந்த வழியாக யாருக்குப் போனது என்பது பிறகு பல வருட விசாரணைக்குரிய விடயமாயிற்று.

எண்ணிக்கைக் கணக்குப்படியும் கிபிர் ஒரு பாடம். 1996-இல் இருந்து தொகுதி தொகுதியாக வந்தன. 2001 ஜூலை 24 விடியற்காலையில் கட்டுநாயக்கத் தளத்தின் மீது நடந்த தாக்குதலில் எட்டு இராணுவ விமானங்கள் தரையிலேயே அழிந்தன, அவற்றில் இரண்டு கிபிர், ஒன்று மிக்-27. 2011 மார்ச் 1 அன்று விமானப்படையின் அறுபதாவது ஆண்டு விழா ஒத்திகையில் இரண்டு கிபிர் வானில் மோதி விழுந்தன, ஒரு விமானி உயிரிழந்தார். எதிரியின் விமானத்தோடு வானில் மோதி இழந்தவை இவற்றில் ஒன்றும் இல்லை. சிறிய படை வைத்திருப்பவர்களுக்கு ஒரு விபத்து, ஒரு கவனக்குறைவு போதும், படையணியில் கால்வாசி போய்விடும்.

2021 ஜூனில் ஐந்து கிபிர் விமானங்களைப் புதிய கருவிகளோடு திருத்துவதற்கு இஸ்ரேலிய நிறுவனத்துடன் சுமார் 50 மில்லியன் டொலருக்கு ஒப்பந்தமானது. ஒரு விமானத்துக்கு 10 மில்லியன். புதிதாக வாங்குவதோடு ஒப்பிட்டால் மலிவு என்று வாதிட்டார்கள். நான் மேலே சொன்ன கணக்கை ஐந்துக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்று பிரித்துக் கிடக்கும். ஒன்று உதிரிப்பாகத்துக்குக் காத்திருக்கும், அல்லது அதிலிருந்து கழற்றித்தான் மற்றதற்குப் பூட்டுவார்கள். கூடத்தில் வேலை செய்த எவருக்கும் தெரியும்: ஒரே வகையில் சொற்ப எண்ணிக்கை வைத்திருக்கும் இடத்தில் ஒரு விமானம் மெல்ல மெல்லக் களஞ்சியமாகிவிடும். மிஞ்சும் மூன்றில் பயிற்சியும் நடக்க வேண்டும், காவலும் நிற்க வேண்டும். 24 மணி நேரக் காவல் நடக்காது. கிபிரின் அடிப்படை வடிவம் 1970-களுக்குரியது, அதன் இயந்திரம் அதைவிடப் பழைய குடும்பம். உலகில் இன்னும் அதைப் பறக்கவிடும் நாடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, உதிரிப்பாகம் வருடத்துக்கு வருடம் அரிதாகும்.

கடலைப் பாருங்கள். இலங்கையின் தரை 65,610 சதுர கிலோமீற்றர். நம் பிரத்தியேகப் பொருளாதார வலயம் 5 லட்சம் சதுர கிலோமீற்றருக்கும் மேல், தரையைப்போல் ஏறக்குறைய எட்டு மடங்கு. நம் ஆள் காணாமல் போனால், எண்ணெய் கசிந்தால், தடைசெய்யப்பட்ட வலையோடு வேற்றுப் படகு வந்தால், போதைப்பொருள் ஏற்றிய படகு நுழைந்தால் எல்லாம் அங்கேதான். 2020 செப்டெம்பர் 3 அன்று சுமார் 2,70,000 தொன் மசகு எண்ணெயோடு போன நியூ டயமண்ட் என்ற கப்பல் சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பிடித்தது. அந்த எண்ணெய் கடலில் கலந்திருந்தால் பொத்துவில் தொடங்கிக் குச்சவெளி வரை எத்தனை வாடியில் அடுப்பு எரிந்திருக்கும்? அன்று வேலை செய்தவை ஹெலிகொப்டர்களும் கண்காணிப்பு விமானங்களும் கப்பல்களும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது வெள்ளத்தில் சிக்கியவர்களைத் தூக்கியெடுத்ததும் ஹெலிகொப்டர்தான்.

அந்தக் கடலைப் பார்ப்பதற்கு நம்மிடம் இருப்பவற்றில் முக்கியமான சில, பிறர் தந்தவை. இந்தியா 2022 ஒகஸ்டில் ஒரு டோர்னியர் தந்தது. 2024-இல் ஒஸ்திரேலியாவும் அமெரிக்காவும் ஆளுக்கொரு கிங் எயார் தந்தன. தந்த நாடுகளுக்கு அதில் தங்கள் நோக்கம் இருக்கும், அது இயல்பு. நம் கடலை நாம் பார்க்கும் கருவிக்குக் கைநீட்டி நின்றுகொண்டு, நம் தரையில் குண்டு போட்ட விமானத்தைத் திருத்த 50 மில்லியன் கொடுக்கிறோம் என்பதுதான் எனக்கு ஆறாத விடயம். நியூசிலாந்தும் ஒரு தீவு. 28 எஃப்-16 எடுக்கும் திட்டத்தை 2000-இல் கைவிட்டது, 2001-இல் தன் போர் விமானப் படையையே கலைத்தது. அங்கே அப்போது கடும் எதிர்ப்பு இருந்தது. இன்று அவர்களிடம் போர் விமானம் இல்லை, ஆனால் நான்கு பி-8 கடற்கண்காணிப்பு விமானங்கள் உள்ளன. அவர்களுக்கு அருகில் அச்சுறுத்தும் அயலவர் இல்லை, நமக்கு அந்த வசதி இல்லை என்று எதிரணி சொல்லும். நமக்கு அருகில் இருக்கும் அயலவர் பன்னிரண்டு விமானத்தால் மறிக்க முடியாதவர் என்பதை மேலே பார்த்தோம்.

காசுக் கணக்கு ஒன்றையும் தருகிறேன், மேடையில் அப்படியே பயன்படுத்துங்கள். 2025 ஏப்ரலில் இந்தியா தன் கடற்படைக்கு 26 ரஃபேல் வாங்க ஒப்புக்கொண்ட தொகை ஏறக்குறைய 7.4 பில்லியன் டொலர், ஆயுதமும் பயிற்சியும் உட்பட. நாடு வங்குரோத்தானபின் 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் நான்கு வருடத்தில் இலங்கைக்குத் தர ஒப்புக்கொண்டது சுமார் 3 பில்லியன். ரஃபேல் பெரிய விமானம், சிறியதைப் பார்க்கலாம் என்பீர்கள். பிலிப்பைன்ஸ் 2025 ஜூனில் 12 இலகு ரக எஃப்ஏ-50 விமானங்களுக்கு ஒப்புக்கொண்டது சுமார் 700 மில்லியன். பன்னிரண்டு விமானத்துக்குப் பதினாறு விமானி, ஆளுக்கு வருடம் 150 மணி நேரம் என்றால் 2,400 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 20,000 டொலர் என்று வையுங்கள். சிக்கனமான விமானத்துக்கு இது குறையும், எஃப்-35 போன்றதற்கு ஏறும். வருடத்துக்கு 48 மில்லியன். கிபிரைத் திருத்த ஒரு தடவை கொடுத்த தொகையை ஒவ்வொரு வருடமும், முப்பது வருடம் கொடுக்க வேண்டும். 24 என்றால் இரட்டிப்பு.

ஆளில்லா விமானம் வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு என்று யாராவது கேட்பார்கள். கடலைப் பார்க்கும் வேலையில் பெரும்பகுதியை அது மலிவாகச் செய்யும். தெரியாத பயணிகள் விமானம் ஒன்று வழிதவறி வந்தால் அருகில் போய் விமானி முகத்தைப் பார்த்துச் சைகை காட்டும் வேலையை இன்னும் செய்யாது. அவ்வளவுதான், அதை வைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

12 அணிக்கு உள்ள வலுவான வாதம் வேறு. திறமை ஒரு தடவை அறுந்தால் எளிதில் ஒட்டாது என்பது அது. அதிவேக விமானத்தை ஓட்டிய விமானி ஓய்வு பெற்றுவிட்டால், அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. ஆயுதம் பூட்டத் தெரிந்தவர், இயந்திரத்தின் சத்தத்திலேயே குறையைக் கண்டுபிடிப்பவர் போய்விட்டால், பிறகு காசு இருந்தாலும் பத்துப் பதினைந்து வருடம் பிடிக்கும். நியூசிலாந்து நினைத்தாலும் நாளைக்கே போர் விமானப் படையை எழுப்ப முடியாது. இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தச் சங்கிலி தொடங்குவது நம் ஊரில், சீனக்குடாப் பயிற்சிப் பள்ளியில். 2023 ஒகஸ்ட் 7 அன்று அங்கே ஒரு பிரி-6 பயிற்சி விமானம் விழுந்து இருவர் இறந்தார்கள். 2025 மார்ச்சில் வாரியபொலையில் ஒரு கே-8 பயிற்சி ஜெட் விழுந்தது, இருவரும் குதித்துத் தப்பினார்கள். திறமையைக் காப்பது நோக்கம் என்றால் முதல் காசு போக வேண்டிய இடம் பயிற்சி விமானமும் அதன் பராமரிப்பும்தான். நல்ல பயிற்சி ஜெட் பத்து, பறக்கும் நேரம் குறையாத விமானிகள், வேலை தெரிந்த தொழில்நுட்பவியலாளர்கள் இருந்தால் சங்கிலி அறாது.

என் பதில் பூச்சியம் என்றேன், அது என்றென்றைக்குமான பூச்சியம் இல்லை. கடற்கண்காணிப்பு விமானங்களும் மீட்பு ஹெலிகொப்டர்களும் நம் சொந்தக் காசில் போதிய அளவு வந்து, கிழக்குக் கரையையும் மேற்குக் கரையையும் இடைவெளியில்லாமல் பார்க்கும் ரேடார் அமைந்து, உள்நாட்டில் வான்தாக்குதல் நடத்துவதற்குப் பாராளுமன்ற அனுமதியைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்து, வெளிநாட்டுக் கடனை ஒழுங்காகக் கட்டும் நிலையும் வந்தால், பன்னிரண்டைப் பற்றிப் பேச நானும் வருவேன். அப்போது ஒரே வகை, ஒற்றை இயந்திரம், அதில் குறைந்தது இரண்டு விமானம் இரட்டை இருக்கையோடு, முப்பது வருட உதிரிப்பாக விலையும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இரண்டு விமானம் இரவு பகலாக நிற்கும் என்று விமானப்படை எழுதித் தர வேண்டும். இருபத்துநான்குக்கு அப்போதும் நான் உடன்பட மாட்டேன். இரண்டாவது பன்னிரண்டுக்கு என்ன வேலை என்று 24 அணி முதலில் எழுதிக் காட்டட்டும்.